நெட் போயிருக்கும்னுதான் நெனச்சேன்

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை. ராத்திரி ஒம்போது மணி இருக்கும், அப்பதான் தோசைக்கல்ல அடுப்புல வச்சேன், கோவில்பட்டில இருந்து அப்பா போன். "பாப்பா, விகடன் தொறக்க மாட்டேங்குதும்மா"ன்னாரு.

எங்க அப்பாவுக்கு 71 வயசு. தீப்பெட்டி கம்பெனில கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவரு. கண்ணுல புரை எடுத்ததுக்கு அப்புறம் புத்தகத்துல இருக்கற பொடி எழுத்து கஷ்டமா இருக்குன்னாரு, நான்தான் ஒரு டேப் வாங்கிக் குடுத்து டிஜிட்டல் சந்தா கட்டி விட்டேன். எழுத்த ரெண்டு விரலால பெருசாக்கி பெருசாக்கி படிப்பாரு. ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணைல உக்காந்து ஒரு மணி நேரம், அதுதான் அவருக்கு சினிமா, டிராமா எல்லாம்.

நான் சென்னைல சின்ன சின்ன கடைகளுக்கு வெப்சைட் பண்ணிக் குடுக்கற வேலைல இருக்கேன். சைட் தொறக்கலனு யாராச்சும் கூப்பிட்டா என்னென்ன கேக்கணும்னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். மோடத்த ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா. பண்ணியாச்சு. வைஃபைய விட்டுட்டு மொபைல் டேட்டால பாருங்க. பாத்தாச்சு. யூடியூப் வருதா? அதெல்லாம் ஜம்முனு வருது. அப்ப பிரவுசர்ல ஹிஸ்டரிய அழிங்கனு சொல்லி அது எங்க இருக்குனு விளக்கறதுக்குள்ள இங்க தோசை கருகிருச்சு. கடைசில கடுப்பாகி "நீங்கதான் எதையோ அமுக்கி வச்சிருக்கீங்க, கண்டதையும் அமுக்காதீங்கனு எத்தன தடவ சொல்றது"னு ஒரு சத்தம் வேற போட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. "இல்ல பாப்பா, என் இணைப்ப சரிபாக்க சொல்லி வருது, நான் சரியாத்தான் வச்சிருக்கேன்"னு மட்டும் மெதுவா சொன்னாரு. இந்த வார்த்தை அப்புறம் ரொம்ப நாள் என்ன விடல.

ஏன்னா என் போன்ல தொறந்துச்சு. அதனால அவர் மேலதான் தப்புனு முடிவே பண்ணிட்டேன். நெட் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் கூப்பிட்டேன் (எந்த கம்பெனினு வேண்டாம், பாவம் அந்தப் பொண்ணு என்ன பண்ணும்), "உங்க ஏரியால எந்த இஷ்யூவும் காட்டல மேம், ராத்திரிக்குள்ள சரியாயிரும்"னு சொல்லுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா என் வீட்டு வைஃபைலயும் தொறக்கல. அப்பதான் லேசா உதைச்சுது. லேப்டாப்ல வி.பி.என் போட்டு சிங்கப்பூர்ல இருக்கற மாதிரி காட்டி தொறந்து பாத்தேன். பளிச்சுனு வந்துச்சு. அப்ப சர்வர் நல்லாத்தான் இருக்கு, எங்க அப்பாவும் எதையும் அமுக்கல, நம்ம நாட்டுக்குள்ள மட்டும் கதவ சாத்தியிருக்காங்க. இந்தத் தொழில்ல இத்தன வருஷமா இருக்கேன், கை கொஞ்சம் நடுங்குச்சு.

அன்னிக்கு ராத்திரியே விகடன்காரங்க சொல்லிட்டாங்க, பல எடத்துல வாசகர்களால சைட்ட பாக்க முடியலனு புகார் வருது, ஆனா பிளாக் பண்ணதா மத்திய அரசு கிட்ட இருந்து எங்களுக்கு எந்த முறையான அறிவிப்பும் வரலனு. அடுத்த நாள், ஞாயித்துக்கிழமைதான் நோட்டீஸ் வந்துச்சு. முதல்ல பூட்டு, அப்புறம்தான் கடுதாசி.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அமெரிக்காவுல இருந்து 104 இந்தியர்கள ராணுவ விமானத்துல ஏத்தி பிப்ரவரி 5ஆம் தேதி அமிர்தசரஸ்ல கொண்டு வந்து எறக்குனாங்களே, கைக்கு விலங்கு, காலுக்கு சங்கிலி போட்டு. அத வச்சு விகடன் பிளஸ்ங்கற டிஜிட்டல் இதழ்ல பிப்ரவரி 10ஆம் தேதி ஒரு அட்டைப்பட கார்ட்டூன், ட்ரம்ப் பக்கத்துல மோடி விலங்கோட உக்காந்திருக்கற மாதிரி. அப்ப பிஜேபி மாநிலத் தலைவரா இருந்த அண்ணாமலை பிரஸ் கவுன்சிலுக்கும், தகவல் ஒலிபரப்புத் துறை இணை அமைச்சர் முருகனுக்கும் புகார் குடுத்தாரு. அந்த 15ஆம் தேதி ராத்திரி ஒட்டுமொத்த சைட்டும் போச்சு. கார்ட்டூன் வந்த ஒரு பக்கம் இல்ல. முழு சைட்டு. சமையல் குறிப்பு, ராசிபலன், விவசாயப் பக்கம், எங்க அப்பா படிச்சுக்கிட்டிருந்த தொடர்கதை, எல்லாம் சேர்த்து. எலி ஒண்ணுக்காக வீட்ட கொளுத்தின கதைதான்.

விஷயம் தெரிஞ்சதும் ஞாயித்துக்கிழமை காலைல அப்பாவுக்கு போன் போட்டு, "உங்க மேல தப்பில்லப்பா, கவர்மென்ட் பிளாக் பண்ணியிருக்கு"ன்னேன். மன்னிப்பு கேக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன், அவரு கேக்கவே விடல, சிரிக்க ஆரம்பிச்சிட்டாரு. "மறுபடியுமா? அதே விகடனா? அன்னிக்கும் சனிக்கிழமதான்"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் காலண்டர்ல போய் பாத்தேன், 1987 ஏப்ரல் 4, சனிக்கிழமையேதான்.

நான் பொறக்கறதுக்கு முந்தின வருஷம் அது. 29.3.87 தேதியிட்ட ஆனந்த விகடன் அட்டைல ஒரு ஜோக். மேடைல ரெண்டு பேரு இருப்பாங்க, அதுல எம்.எல்.ஏ யாரு, மந்திரி யாருனு ஒருத்தர் கேப்பாரு, ஜேப்படிக்காரன் மாதிரி இருக்கறவரு எம்.எல்.ஏ, முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கறவரு மந்திரினு பதில் வரும். அவ்ளோதான். இன்னிக்கு வாட்சப்ல வந்தா ஒரு ஸ்மைலி போட்டுட்டு கடந்து போயிருவோம். அன்னிக்கு எம்.ஜி.ஆர் ஆட்சி, பி.எச்.பாண்டியன் சபாநாயகர். சட்டசபைய அவமதிச்சாச்சு, முதல் பக்கத்துல மன்னிப்பு போடணும்னாங்க. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் போட முடியாதுன்னுட்டாரு. மூணு மாசம் கடுங்காவல்னு சபைலயே தீர்ப்பு சொல்லி, கூட்டிட்டுப் போய் சென்ட்ரல் ஜெயில்ல போட்டாங்க. "சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம்"னு ஊரெல்லாம் பேச்சா இருந்த காலம்.

அப்பா சொல்றத அப்படியே எழுதறேன். "அந்த ஜோக்க முதல்ல யாரும் பெருசா கவனிக்கவே இல்ல பாப்பா. அரெஸ்ட்டுனு பேப்பர்ல வந்த அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு கடைல பழைய விகடன் இருக்கா, பழைய விகடன் இருக்கானு ஒரே கூட்டம். நம்ம சலூன்காரரு அந்த அட்டைய மட்டும் தனியா கிழிச்சு கண்ணாடி மேல ஒட்டி வச்சுட்டாரு. முடி வெட்ட வந்தவன் எல்லாம் படிச்சு சிரிச்சான். ஆளுங்கட்சி வட்டச் செயலாளரும் அங்கதான் ஷேவிங் பண்ண வருவாரு, அவரும் சிரிச்சாரு."

மூணாவது நாளே விட்டுட்டாங்க. நாடு முழுக்க பத்திரிகைக்காரங்க எல்லாம் தெருவுல எறங்கிட்டாங்க, வேற வழியில்ல. ஆனா பாலசுப்ரமணியன் வெளிய வந்தாச்சுனு சும்மா இருக்கல, கோர்ட்டுக்கு போனாரு. 1994ல ஹைகோர்ட் அந்தக் கைது சட்டப்படி செல்லாதுனு சொல்லி அடையாளமா ஆயிரம் ரூபா நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லுச்சு. ஏழு வருஷம், ஆயிரம் ரூபா. அந்த காச செலவழிக்காம ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சாருனு சொல்லுவாங்க. நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்.

இப்ப எனக்கு உறுத்தற விஷயத்துக்கு வரேன். 87ல யாரு தண்டிச்சாங்கனு கோவில்பட்டி சலூன்ல இருந்தவனுக்குக் கூட தெரியும். எந்த சபைல, எந்த ஆளு வாயில இருந்து, எந்த ஜோக்குக்காக, எத்தன மாசம், எல்லாம் தெரியும். கோவப்படறதுக்கு ஒரு மூஞ்சி இருந்துச்சு. 2025ல எங்க அப்பாவுக்கு கெடச்சது என்ன? உங்க இணைப்ப சரிபாருங்கனு ஒரு வரி. அவரு மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணாரு. நான் அவரத் திட்டினேன். கஸ்டமர் கேர் பொண்ணு என்ன சமாதானம் பண்ணுச்சு. மூணு பேரும் சேந்து எங்களுக்குள்ளயே தப்ப தேடிக்கிட்டு இருந்தோம், தடை போட்டவங்க பேரு எங்க பேச்சுலயே வரல. வி.பி.என்னுனா என்னனு தெரியாத வீடுகள்ல அன்னிக்கு என்ன நெனச்சிருப்பாங்க? சரி, நாளைக்கு பாத்துக்கலாம்னு தூங்கப் போயிருப்பாங்க.

எமர்ஜென்சிய எடுத்துக்கோங்க. அதவிட மோசமான காலம் பத்திரிகைக்கு இல்லனு சொல்றோம், உண்மைதான். ஆனா அப்பவும் வெட்டினது கண்ணுக்கு தெரிஞ்சுது. 1975 ஜூன் 28 இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் எழுதற எடத்த அப்படியே வெத்தா விட்டு அச்சடிச்சாங்க. அந்த வெள்ளை எடம் அவ்ளோ சத்தமா பேசுச்சு, அதனாலதான் அப்புறம் வெத்து எடமும் விடக்கூடாதுனு சென்சார்காரங்க சொல்ல வேண்டி வந்துச்சு. இங்க 1976 ஜனவரி 31 திமுக ஆட்சிய கலைச்சு கட்சிக்காரங்கள அள்ளி உள்ள போட்டாங்க, யார் யார் அரெஸ்ட்டுனு பட்டியல் போட சென்சார் விடாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்னிக்கு முரசொலில அண்ணா சமாதிக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவங்கனு மாவட்டவாரியா பேர் பேரா போட்டுட்டாங்க. சென்சார் ஆபீசருக்கு அது ஏதோ அஞ்சலி விளம்பரம் மாதிரி தெரிஞ்சிருக்கும் போல. படிச்சவனுக்கு புரிஞ்சுது, ஓ, இவங்கெல்லாம் ஜெயில்ல இருக்காங்கனு. கலைஞர பிடிக்காத எங்க அப்பாவே இந்தக் கதைய மட்டும் ரசிச்சு ரசிச்சு சொல்லுவாரு.

வெட்டினவன் பக்கத்துல உக்காந்திருந்தான், அவன் கண்ணுல மண்ணத் தூவறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. இப்ப யார் கண்ணுல தூவறது, சொல்லுங்க?

சட்டம் எப்படி வேல செய்யுதுனு கொஞ்சம் தோண்டிப் பாத்தேன். வக்கீல் இல்ல நானு, ஆனா வெப்சைட் தொழில்ல இருக்கறதால இது எப்படியும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். ஐ.டி. சட்டத்துல 69ஏனு ஒரு பிரிவு. நாட்டோட இறையாண்மை, வெளிநாட்டோட நட்புறவு, பொது ஒழுங்கு இந்த மாதிரி காரணங்களுக்காக இணையத்துல இருக்கறத தடுக்கலாம். 2009ல இதுக்கு விதிகள் போட்டாங்க, அதுல 16ஆவது விதி என்ன சொல்லுதுன்னா, யார் புகார் குடுத்தாங்க, என்ன நடவடிக்கை எடுத்தாங்கங்கறத எல்லாம் கண்டிப்பா ரகசியமா வச்சுக்கணும். ரகசியம்ங்கறது அதிகாரியோட சுபாவம் இல்லீங்க, விதியே அதுதான். அப்புறம் 2021ல டிஜிட்டல் செய்தி நிறுவனங்களுக்குனு தனியா விதிகள் வந்துச்சு, அதுல அவசரம்னா முதல்ல பிளாக் பண்ணிட்டு 48 மணி நேரத்துக்குள்ள கமிட்டி முன்னாடி வச்சா போதும்னு இருக்கு. அதுவும் 16ஆவது விதிதான், எப்படித்தான் அமையுதோ.

2015ல ஸ்ரேயா சிங்கால் வழக்குல இணையத்துல எழுதினதுக்கு ஆளப் பிடிச்சு உள்ள போட வழி விட்ட 66ஏ பிரிவ சுப்ரீம் கோர்ட் தூக்கி எறிஞ்சப்ப ஃபேஸ்புக்ல எல்லாரும் கொண்டாடினோம், ஞாபகம் இருக்கா? நானும் பட்டாசு படம் போட்டேன். அதே தீர்ப்புல 69ஏ செல்லும்னு சொல்லிட்டாங்க, அத யாரும் அவ்வளவா பேசல. காரணத்த எழுத்துல பதிவு பண்றாங்க, பாதிக்கப்பட்டவங்க அத வச்சு கோர்ட்டுக்கு போகலாம்ல, அதனால பாதுகாப்பு இருக்குங்கறது கோர்ட்டோட வாதம். சரிதான். ஆனா எழுதி வச்ச காரணத்த பொட்டிக்குள்ள பூட்டி வச்சா எத வச்சு கோர்ட்டுக்கு போறது?

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். நாடு குடியரசு ஆன அதே 1950ல, பம்பாயில இருந்து வந்த கிராஸ் ரோட்ஸ்ங்கற ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகை மெட்ராஸ் மாநிலத்துக்குள்ள வரவே கூடாதுனு நம்ம அரசாங்கம் தடை போட்டுச்சு. ஆமா, நம்ம சென்னை அரசாங்கம்தான், செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டுல தேதி போட்டு அச்சடிச்சே தடை பண்ணாங்க. அந்த கெசட்ட எடுத்துக்கிட்டு ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கு போனாரு, அதே வருஷம் மே மாசம் ஜெயிச்சாரு. பேச்சுரிமைனா என்னனு இந்த நாட்டுல முதல் முதலா வந்த பெரிய தீர்ப்புகள்ல அது ஒண்ணு. (அடுத்த வருஷமே அரசியல் சட்டத்த திருத்தி பொது ஒழுங்குனு ஒரு காரணத்த உள்ள சொருகிட்டாங்க, அது வேற கதை.) அவர் கைல ஒரு பேப்பர் இருந்துச்சு. சண்ட போட அதுவாச்சும் வேணும்.

விகடனும் கோர்ட்டுக்கு போனாங்க. பெரிய நிறுவனம், கிட்டத்தட்ட நூறு வருஷ பேரு, வக்கீல் வைக்க வசதி இருக்கு. மார்ச் 6ஆம் தேதி மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. கார்ட்டூன் இருக்கற பக்கத்த இப்போதைக்கு எடுத்துருங்க, எடுத்துட்டோம்னு அமைச்சகத்துக்கு சொல்லுங்க, அவங்க சைட்ட திறந்து விடுவாங்கனு. அது ஜெயிச்சதா தோத்ததானு எனக்கு இன்னும் தெரியல. சைட் வந்துச்சு. கார்ட்டூன் போச்சு. எங்க அப்பா தொடர்கதைல விட்ட எடத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சாரு. ஆனா நூறு சந்தா கூட இல்லாத ஒரு தனி ஆளு யூடியூப் சேனலுக்கு இப்படி நடந்தா? அவன் மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கிட்டே இருப்பான்.

அது ஒரு தடவை நடந்த விஷயமும் இல்ல. அதே வருஷம் மே மாசம் பாகிஸ்தானோட சண்டை நடந்த நாலு நாள்ல எட்டாயிரம் கணக்குக்கு மேல முடக்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்திருக்குனு எக்ஸ் நிறுவனமே வெளிய சொல்லுச்சு. தி வயர் சைட்டும் அப்ப ஒரு நாள் தொறக்கல.

இதப் படிச்சுட்டு கமென்ட்ல வந்து "டெல்லிகாரன் மட்டும்தான் இப்படி, நம்மாளுங்க தங்கம்"னு யாரும் எழுதிறாதீங்க, கை எடுத்து கும்பிடறேன். 2003 நவம்பர்ல இந்து பத்திரிகை ஜெயலலிதா ஆட்சிய விமர்சிச்சு தலையங்கம் எழுதுச்சுனு ஆசிரியர் உட்பட அஞ்சு பேருக்கும், அத தமிழ்ல போட்ட முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் ஜெயில்னு சட்டசபைல தீர்மானம். காளிமுத்து சபாநாயகர். மூணே நாள்ல சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு, இல்லாட்டி உள்ளதான். 2011ல இருந்து 2016 வரைக்கும் ஜெயலலிதாவோட அடுத்த ஆட்சில 213 அவதூறு வழக்கு, அதுல 55 மீடியா மேல. சுப்ரீம் கோர்ட்டே கணக்கு கேட்டு வாங்கி பாத்து அலுத்துக்கிச்சு. 2020 மே மாசம் ஹைகோர்ட் அதுல நெறைய வழக்க ரத்து பண்ணப்ப, சாதாரண மனுஷன் மாதிரி அரசாங்கம் பொசுக்குனு கோவிச்சுக்கிட்டு கேஸ் போடக்கூடாதுங்கற அர்த்தத்துல எழுதுச்சு, அம்மா அப்பா ஸ்தானத்துல இருக்க வேண்டியது அரசுனு.

2017ல திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கந்துவட்டி கொடுமைல ஒரு குடும்பமே தீக்குளிச்சுது. அத வச்சு கார்ட்டூன் போட்ட பாலாவ சென்னைக்கு வந்து வீட்டுல இருந்து பிடிச்சுட்டு போனாங்க. எரிஞ்ச குழந்தைங்கள நெனச்சு போட்ட படம் அது, ஆனா அசிங்கமா இருக்குனு கேஸ் போட்டாங்க. அடுத்த வருஷம் நக்கீரன் கோபால். கவர்னர் பத்தி கட்டுரை போட்டதுக்கு அப்ப இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தோட 124ஆவது பிரிவு. அது ஜனாதிபதியையும் கவர்னரையும் வேலை செய்ய விடாம தாக்கறவங்க மேல போடற பிரிவு, கட்டுரை எழுதினவரு மேல போட்டாங்க. மாஜிஸ்திரேட் அன்னிக்கே காவல்ல அனுப்ப மாட்டேன்னுட்டாரு, அந்த கோர்ட் ஹால்ல இந்து ராம் எழுந்து நின்னு பேசினாரு. அந்த செய்திய டிவில பாத்துட்டு எங்க அப்பா கை தட்டினாரு, வீட்டுல தனியா உக்காந்துக்கிட்டு.

சரி, அது அதிமுக. திமுக வந்ததும்? 2024 மே மாசம் யூடியூபர் சவுக்கு சங்கர அரெஸ்ட் பண்ணி குண்டாஸ் போட்டாங்க. அவரு பெண் போலீஸ் பத்தி பேசினது எனக்கு துளி கூட பிடிக்கல, அதுக்கு கேஸ் போடுங்க, கோர்ட்ல நடத்துங்க, வேண்டாங்கல. ஆனா குண்டாஸ் எதுக்கு? ஹைகோர்ட் ஆகஸ்ட்ல அத ரத்து பண்ணுச்சு. விகடன் முடக்கத்துக்கு முதல் ஆளா கண்டிச்சு அறிக்கை விட்டவங்கள்ல அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலினும் ஒருத்தரு, சந்தோஷம், ஆனா படிக்கறப்ப கொஞ்சம் சிரிப்பும் வந்துச்சு.

நான் இவ்ளோ அடுக்கறது யாரு ரொம்ப மோசம்னு மார்க் போட இல்ல. இதுல ஒவ்வொண்ணுலயும் ஒரு வாரண்ட் இருக்கு, எஃப்.ஐ.ஆர் இருக்கு, வீட்டு வாசல்ல ஜீப் வந்து நிக்குது, பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னல தொறந்து பாக்கறான். கொடுமைதான். ஆனா ஊருக்கு தெரியுது.

எங்க ஊருக்கே ஒரு அனுபவம் உண்டு. 2018 மே 22, தூத்துக்குடில ஸ்டெர்லைட்டுக்கு எதிரா நூறாவது நாள் போராட்டம், போலீஸ் சுட்டதுல 13 பேரு போயிட்டாங்க. அடுத்த நாள் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் நெட் கட். கோவில்பட்டியும் தூத்துக்குடி மாவட்டம்தான். நான் சென்னைல ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு அப்பாவுக்கு வாட்சப்ல அனுப்பறேன், ஒத்த டிக்குலயே நிக்குது. பதறிப்போய் சாதா கால் பண்ணேன், எடுத்தாரு. "நல்லாருக்கோம் பாப்பா, நெட்ட கவர்மென்ட் நிறுத்திருச்சு, பஸ்ஸும் ஓடல, பால் மட்டும் வந்துச்சு"ன்னாரு. அப்ப அவருக்கு மோடத்து மேல சந்தேகம் வரல பாருங்க. மூணு மாவட்டத்துக்கு மொத்தமா நிறுத்தினா மறைக்க முடியாது. ஒரு சைட்ட மட்டும், அதுவும் ஒரு நெட் கம்பெனில இப்ப, இன்னொண்ணுல ஒரு மணி நேரம் கழிச்சுனு நிறுத்தினா, சாதாரண நெட் கோளாறுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. என் போன்ல தொறந்ததாலதானே நான் அப்பாவ திட்டினேன்.

போன மாசம் ஊருக்கு போயிருந்தேன். அப்பா பரண்ல இருந்து பைண்டிங் பண்ணின பழைய தொடர்கதை எல்லாம் எறக்கி வச்சிருந்தாரு, அந்த 87 அட்டைய எனக்கு காட்டணும்னு. தேடித் தேடி பாத்தோம், இல்ல. பைண்டிங் பண்றப்ப கதைப் பக்கத்த மட்டும் கிழிச்சு வச்சுட்டு அட்டையெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு போட்டிருக்காங்க, எங்க அம்மாதான் போட்டிருக்கணும். அப்பாவுக்கு வருத்தம். "பரவால்லப்பா, எங்கயாவது யார் வீட்டுலயாவது இருக்கும், எத்தன லட்சம் பேர் வாங்கியிருப்பாங்க"ன்னேன். உண்மைதான, மூணு மாசம் கடுங்காவல்னு சொன்ன சபையால கூட அந்த சலூன் கண்ணாடில ஒட்டினத பிய்க்க முடியல. இந்த பிளஸ் இதழுக்கு அச்சே கிடையாது, போன்லயும் டேப்லயும் மட்டும்தான். ஒரு பக்கத்த எடுத்துருங்கனு சொன்னா எல்லார் வீட்டுலயும் ஒரே நேரத்துல போயிருது.

அப்பதான் அப்பா கேட்டாரு, "அந்த கார்ட்டூன் உன்கிட்ட இருக்கா பாப்பா? ஒரு பிரின்ட் எடுத்துக் குடேன், இந்த புக்குக்குள்ள வச்சிருக்கேன்"னு. என் போன்ல ஸ்கிரீன்ஷாட் இருந்துச்சு, பிப்ரவரில யாரோ ஃபார்வர்ட் பண்ணது. சாயங்காலம் மெயின் ரோட்டுல இருக்கற ஜெராக்ஸ் கடைக்கு போனேன், கலர் பிரின்ட் பத்து ரூபா. கடைல ஒரு தம்பி, இருவது இருவத்தொரு வயசு இருக்கும், வாட்சப்ல அனுப்புங்கக்கான்னான், அனுப்பினேன். தொறந்து பாத்தான். என்ன ஒரு தடவ பாத்தான், மறுபடி ஸ்கிரீன பாத்தான். "அக்கா, இது எதுவும் பிரச்சினை ஆகாதுல்ல?"ன்னான். "எங்க அப்பா வீட்டுல வச்சுக்கறதுக்குப்பா"ன்னேன். யாரும் அவன எதுவும் சொல்லல, எந்த நோட்டீஸும் அந்தக் கடைக்கு வரல, ஆனாலும் பின்னாடி நின்ன ஆளு பாக்கறாரானு திரும்பி ஒரு தடவ பாத்துட்டுதான் பிரின்ட் குடுத்தான். பேப்பர கவுத்துப் போட்டு நீட்டினான். பத்து ரூபா வாங்கிட்டு, "அக்கா, அனுப்பினீங்கல்ல, அத எல்லாருக்கும் டெலிட்னு குடுத்துருங்கக்கா"ன்னான்.

குடுத்தேன்.